வீட்டில் எப்போது சொல்வது? வன்னியில் இருக்கும் ஈரர்களுக்குச் சில கேள்வி பதில்கள்

இரணைமடு வாய்க்கால் தண்ணீர் பாயும் ஓர் ஊரில் பிறந்தவள் நான். வயது 34. எனக்கு ஆண்கள் மீதும் விருப்பம் வரும், பெண்கள் மீதும் வரும். இது தெரிந்த ஒரு சிலர் மூலமாக, சில வருடங்களாக யாராவது என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள்: “அக்கா, வீட்டில சொல்லட்டோ?” ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற தங்கச்சி, வவுனியாவில் படிக்கிற தம்பி, மன்னார்ப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஆட்கள் வேறு, கேள்விகள் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைக்கிறேன். நான் வைத்தியரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. பட்டவள், பார்த்தவள், அவ்வளவுதான்.

ஈரர் என்றால் யார்? நான் அதுவா என்று எப்படித் தெரியும்?

ஆண், பெண் என்று ஒரு பக்கத்தோடு நிற்காமல், ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர் மீது விருப்பம் வருவதை இருபாலீர்ப்பு என்கிறோம். அப்படிப்பட்டவரை ஈரர் என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் போய் ‘நான் ஈரர்’ என்றால் மழையில் நனைந்துவிட்டாயா என்றுதான் கேட்பார்கள். பரவாயில்லை, சொல் மெல்ல மெல்லப் பழகும்.

சரிபாதியாக இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கும் இல்லை. பத்து வருடமாக ஓர் ஆணையே விரும்பி வாழ்கிற பெண்ணும் ஈரராக இருக்கலாம். யாருடைய கையையும் பிடிக்காத 19 வயதுப் பிள்ளையும் இருக்கலாம். ஆணை விரும்புகிற ஆணிடம் ‘ஒரு பெண்ணோடு பழகிப் பார்த்தாயா’ என்று ஆதாரம் கேட்பது எவ்வளவு அபத்தமோ, உங்களிடம் கேட்பதும் அவ்வளவு அபத்தம். இன்னும் உறுதியாகத் தெரியவில்லை என்றால் தெரியாமலே கொஞ்சக் காலம் இருங்கள். வீட்டில் சொல்லித்தான் உறுதி செய்ய வேண்டும் என்றில்லை.

சரி, எப்போது சொல்வது?

என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: சொன்ன அன்று இரவு எங்கே படுப்பாய்?

மனம் தயாரா, துணிவு இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு. உங்கள் சாப்பாடு, படுக்கை, படிப்புச் செலவு எல்லாம் யாருடைய கையில் இருக்கிறதோ அவர் கோபப்பட்டால் என்ன நடக்கும் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஏ.எல் சோதனைக்கு நான்கு மாதம் இருக்கும்போது, உணர்ச்சிவசப்பட்டுத் தகப்பனிடம் சொன்ன பையனை எனக்குத் தெரியும். அடி விழவில்லை. ஆனால் ரியூசனுக்குப் போகிற சைக்கிளுக்கும் போனுக்கும் பூட்டு விழுந்தது. அவன் அடுத்த வருடம் இரண்டாம் தரம் எழுதினான். உண்மையைச் சொன்னதில் அவன் பிழைவிடவில்லை, நான்கு மாதம் பொறுத்திருக்கலாம்.

காணியையும் மறக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களின் காணி, காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி. தனக்குப் பிறகு அது யாருக்கு என்று அனுமதிப்பத்திரக்காரர் ஒரு பின்னுரித்தாளரின் பெயரைப் பதிகிறார். பதிந்த பெயரை மாற்றவும் அவரால் முடியும். காணிக்காகப் பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. எதை ஈடு வைக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள் என்கிறேன்.

அப்புறம் வருடத்தின் நேரம். சிரிக்காதீர்கள், இது எங்கள் இடத்தில் பெரிய விஷயம். ஐப்பசி கார்த்திகையில் காலபோகத்துக்குக் கடன் வாங்கி விதைத்துவிட்டு, மழை கூடினாலும் பயம் குறைந்தாலும் பயம் என்று இருக்கிற தகப்பனிடம் எந்தப் புதுக் கதையும் ஏறாது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நேர்த்தி வைத்திருக்கும் அம்மாவிடம் அதற்கு முந்தின கிழமை சொன்னால், அந்த நேர்த்தியை அப்படியே உங்கள் மேல் திருப்பிவிடுவார். மே மாதம் வேண்டவே வேண்டாம். தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து உலக சுகாதார அமைப்பு 1990ஆம் ஆண்டு மே 17இல் எடுத்ததை நினைத்து உலகத்தின் பல இடங்களில் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். எங்களுக்கு மறுநாள் 18, 2009இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த நாள். அந்தக் கிழமை வீட்டில் யாருக்கும் கண் காயாது.

அறுவடை முடிந்து, நெல்லுக்காசு கைக்கு வந்து, பெரிதாக ஒன்றும் நடக்காத ஒரு சாதாரணக் கிழமையைத் தேர்ந்தெடுங்கள்.

வெளியே போக வழியில்லை, ஆனால் மனதுக்குள் வைத்திருக்கவும் முடியவில்லை. என்ன செய்ய?

வீட்டாரிடம் சொல்வதும் யாரோ ஒருவரிடம் சொல்வதும் இரண்டு வேறு காரியங்கள். மூச்சு முட்டுவதற்கு மருந்து பெரும்பாலும் இரண்டாவதிலேயே கிடைக்கும். குடும்பத்துக்கு வெளியே ஒரு காது தேடுங்கள். இரவில் தனிமை தாங்காமல், உயிரை விடலாமா என்கிற எண்ணம் வந்தால் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் கதைக்கலாம். 1333 என்ற இலக்கத்திலும் ஆறுதலாகக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. எடுத்தவுடன் எல்லாவற்றையும் கொட்டாமல், ‘ஆணும் பெண்ணும் இரண்டும் பிடிக்கிற ஒருவரைப் பற்றிக் கதைக்க வேண்டும்’ என்று பொதுவாகத் தொடங்குங்கள். கேட்பவரின் குரலிலேயே தெரிந்துவிடும், தொடரலாமா வேண்டாமா என்று.

முதலில் யாரிடம் சொல்வது? சிநேகிதரிடமா, வீட்டிலா?

பொதுவாகச் சிநேகிதரிடம். ஆனால் ஊர் சின்னது. பின்னேரம் உங்கள் சிநேகிதியிடம் சொன்னது, விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவளுடைய தாய் வழியாகப் படலை தாண்டி உங்கள் தாயிடம் வந்துவிடும். அதனால் நான் வைத்திருக்கிற சோதனை இது: அந்த ஆள் மற்றவர்களின் ரகசியத்தை என்ன செய்கிறார்? ‘ஒருத்தருக்கும் சொல்லாதை’ என்று தொடங்கி அடுத்தவரின் கருக்கலைந்த கதையை உங்களுக்குச் சொன்னவர், உங்கள் கதையையும் அதே மாதிரித் தொடங்கித்தான் அடுத்தவருக்குச் சொல்வார். எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அப்படித்தான்.

நான் முதலில் சொன்னது கம்பஸில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளிடம், 24 வயதில். அவள் மட்டக்களப்பு. என் ஊரில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. இப்போது யோசித்தால், அவளுடைய நல்ல குணத்தைவிட அந்தத் தூரத்துக்காகத்தான் அவளைத் தேர்ந்தேனோ என்று தோன்றுகிறது. இரண்டு வருடம் கழித்துத் தங்கச்சியிடம். அம்மாவிடம் சொல்லும்போது எனக்கு 30.

வெளிநாட்டுச் சொந்தங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கனடாவில் 2005இல் இருந்து ஒரே பாலினத்தவர் திருமணம் செய்யலாம், ஆகவே அங்குள்ள மாமாவுக்கு எல்லாம் விளங்கும் என்று பலர் நம்புகிறார்கள். மாமா இருப்பது கனடாவில்தான், ஆனால் மனதுக்குள் அவர் விட்டுவந்த வருடத்து ஊரை அப்படியே வைத்திருக்கிறார். ஊர் மாறியது, அவர் வைத்திருக்கும் ஊர் மாறவில்லை. வட்ஸ்அப்பில் அவருக்குச் சொன்னது ஏ9 பஸ்ஸைவிட வேகமாகத் திரும்பி வரும். அங்கே பிறந்து வளர்ந்த மச்சான் மச்சாள்மார் வேறு மாதிரி. அவர்களில் ஒருவரைப் பிடித்தால் நல்ல பலம்.

எந்த இடத்தில், என்ன சொல்லித் தொடங்குவது?

வீட்டுத்திட்ட வீடு 550 சதுர அடி. குசினியில் மெதுவாகக் கதைத்தாலும் விறாந்தையில் இருக்கிற அப்பப்பாவுக்குக் கேட்கும். எனவே வெளியே. குளக்கட்டில் நடந்துகொண்டு சொல்லலாம், வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போகும்போது வரம்பில் இருந்து சொல்லலாம். முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கம் பக்கமாக இருந்து சொல்வது எங்கள் ஆட்களுக்கு இலகு. மோட்டார் சைக்கிளில் மட்டும் வேண்டாம். என் தங்கச்சி அதிர்ச்சியில் பின்னால் இருந்து என் இடுப்பை இறுக்கிப் பிடித்ததில் இரண்டு பேரும் பரந்தன் சந்திக்குக் கிட்ட விழப் பார்த்தோம்.

வார்த்தைகள் எளிதாக இருக்கட்டும். கொடி, இயக்கம், உலக வரலாறு எல்லாம் முதல் நாளில் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: “அம்மா, எனக்கு ஆம்பிளையளிலயும் விருப்பம் வரும், பொம்பிளையளிலயும் வரும். இது இப்ப வந்ததில்லை, சின்னனில இருந்தே இருக்குது. ஒருத்தரும் என்னைப் பழுதாக்கேல்லை. நான் களவாய் ஒண்டும் செய்யேல்லை. உங்களிட்ட மறைச்சு வைச்சிருக்கிறது கஷ்டமாய் இருக்குது, அதுதான் சொல்லுறன்.” ‘ஒருத்தரும் பழுதாக்கேல்லை’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். தாய்மாரின் மனதில் முதலில் எழும் கேள்வி அதுதான்.

நான் அம்மாவிடம் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை, இடமும் நல்ல இடமில்லை. குசினியில் அவர் திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. சொன்னேன். அம்மா நிமிரவில்லை, கையும் நிற்கவில்லை. பூ முடிந்து சிரட்டையில் பல்லு உரசுகிற சத்தம் வந்த பிறகும் துருவிக்கொண்டே இருந்தார். அன்றைய சம்பலில் மண்ணிறத் தூள் கிடந்தது. “சரி, சாப்பிடு” என்று கோப்பையைத் தந்தார். இரண்டு கிழமை அந்தப் பேச்சே இல்லை. பிறகு ஒரு நாள் உடுப்பு மடித்துக்கொண்டு கேட்டார்: “அப்ப, உன்னோட படிச்சு இஞ்ச வந்து நிண்டாளே, அந்த மட்டக்களப்புப் பிள்ளையோ?” இல்லை, அவள் சிநேகிதி மட்டும்தான் என்றேன். அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் மாதிரி இருந்தது. அவளை அவருக்குப் பிடிக்கும்.

உடனடிப் பதிலை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள். நீங்கள் இதை யோசிக்கப் பத்து வருடம் எடுத்திருப்பீர்கள். அவருக்கு ஒரு தேங்காய் துருவுகிற நேரம்தான் கிடைத்தது.

“ஆம்பிளையளையும் பிடிக்கும் என்றால் பேசாமல் ஒரு ஆம்பிளையைக் கட்டு” என்கிறார்கள். இதற்கு என்ன பதில்?

ஈரர்களுக்கென்றே உள்ள வில்லங்கம் இது. தன்பாலீர்ப்புள்ள ஒருவர் ‘என்னால் முடியாது’ என்று சொல்லலாம். நாங்கள் அப்படிச் சொன்னால் பொய். அதனால் வீட்டார் எங்களைக் கடைத்தெருவில் நிற்கிறவர்களாகப் பார்க்கிறார்கள்: இரண்டு கடையிலும் சாமான் இருக்கிறது, நாங்கள் சொல்கிற கடையில் வாங்கு. இன்னொரு பக்கம், தன்பாலீர்ப்புள்ளவர்களிலும் சிலர் எங்களை நம்புவதில்லை. ‘கடைசியில் நீ கலியாணம் கட்டிக்கொண்டு போய்விடுவாய்’ என்று என்னிடமே சொன்னவள் இருக்கிறாள். இரண்டுங்கெட்டான் என்ற பட்டம் இரண்டு பக்கத்தாலும் கிடைக்கும்.

என் பதில் இதுதான்: யாரிடம் விருப்பம் வரலாம் என்பது என் இயல்பு, யாரோடு வாழ்வேன் என்பது ஒரு ஆளைப் பற்றிய முடிவு. உங்கள் அம்மாவுக்கு ஆண்களைப் பிடிக்கும் என்பதற்காக ஊரில் உள்ள எந்த ஆணையும் கட்டியிருப்பாரா? இதைத் தாயிடம் நேரே கேட்க முடியாதுதான். நான் மாமியிடம் கேட்டேன். விளக்குமாறு பறந்து வந்தது, பிறகு சிரித்தார்.

ஆணைத்தான் விரும்புகிறீர்கள், அவரைத்தான் கட்டப் போகிறீர்கள் என்றால் அதுவும் முழுமையான வாழ்க்கை. அதனால் உங்கள் ஈர்ப்பு ‘சரியாகிவிட்டது’ என்று ஆகாது. வீட்டாருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. கட்டப் போகிறவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டை பிடிக்கிறவர்கள் உண்டு.

சம்பந்தம் பேசத் தொடங்கிவிட்டார்கள். தரகர் குறிப்போடு வருகிறார். இப்போதே சொல்ல வேண்டுமா?

பெரும்பாலானோர் இந்த நெருக்கடியில்தான் சொல்கிறார்கள். இதைவிட மோசமான நேரம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று காலையில் சொன்னால் அது கலியாணத்தைத் தட்டிக்கழிக்கச் சொன்ன கதையாகவே வீட்டில் நிற்கும். தகப்பன் வாக்குக் கொடுத்திருப்பார், அவமானம் அவருடையதாகிவிடும். நாள் குறிப்பது நீங்களாக இருக்க வேண்டும், தரகர் இல்லை.

முதலில் கலியாணத்தைத் தள்ளிப்போடுங்கள். வேலை நிரந்தரமாகட்டும், வீட்டு லோன் முடியட்டும், தங்கச்சியின் படிப்பு முடியட்டும் என்று ஊருக்கு விளங்குகிற காரணம் எத்தனையோ உண்டு. இவையும் உண்மையாகவே இருக்கும். மூச்சுவிட இடம் கிடைத்த பிறகு மற்றதைச் சொல்லலாமா என்று யோசியுங்கள். ‘இப்ப வேண்டாம்’ என்பதும் ‘நான் ஈரர்’ என்பதும் இரண்டு தனிப் பேச்சுகள். ஒன்றாக முடிச்சுப் போட்டால் இரண்டுமே தோற்கும்.

கட்டாயப்படுத்திப் பதிவு வரைக்கும் கொண்டுபோனால், பொதுச் சட்டப்படி பதிவாளர் முன்னால் உங்கள் சம்மதமில்லாமல் கலியாணம் நடக்காது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

எனக்கு ஏற்கெனவே கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். மனைவியிடம் சொல்ல வேண்டுமா?

மன்னார்ப் பக்கத்துக்காரரின் கேள்வி. நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: சொல்வதால் உங்களுக்கு என்ன வேண்டும்? பாரம் இறங்க வேண்டுமா, அல்லது பிரிந்து போக வேண்டுமா? பாரம் என்றால், அதை இறக்கி அவர் தலையில் வைக்கிறீர்கள், அவர் அதை யாரிடம் கொண்டுபோவார் என்றும் யோசியுங்கள். யாரோடும் மறைவாகப் பழகிக்கொண்டிருந்தால் அது வேறு கதை. அங்கே பேச வேண்டியது ஈர்ப்பைப் பற்றியல்ல, ஏமாற்றியதைப் பற்றி. அது பெண்ணோடு என்றாலும் ஆணோடு என்றாலும் ஒன்றுதான்.

இலங்கைப் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்குக் குற்றம் காட்ட வேண்டும்: பிறர்மனை உறவு, வேண்டுமென்று கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த, உடலுறவு கொள்ள முடியாத தீராத இயலாமை. இருபாலீர்ப்பு இருக்கிறது என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் இன்னும் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நானும் தள்ளவில்லை.

“ஒண்டைப் பறிகொடுத்துட்டன், மிஞ்சினது நீ மட்டும்தான்” என்று அம்மா அழுகிறார். எப்படிச் சொல்வது?

எங்கள் இடத்தின் கேள்வி இது. வேறு ஊர்களில் எழுதப்படும் ஆலோசனைகளில் இதற்குப் பதில் கிடைக்காது.

என் அண்ணா 2009இல் போனவர். செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கொட்டிலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்வார். அந்தக் கைக்குப் பிறகு வந்த ஒவ்வொரு வருடமும் நான் இரண்டு பிள்ளைகளுக்குரிய கடமையைச் செய்கிற ஆளாக மாறினேன். தங்கச்சி இருந்தாலும் மூத்தது நான். பேரப்பிள்ளை, குடும்பப் பெயர், அண்ணாவின் பெயரை வைக்க ஒரு ஆண் குழந்தை எல்லாம் என் கணக்கில் எழுதப்பட்டன. இப்படியான வீட்டில் ‘நான் நீங்கள் நினைத்த மாதிரி இல்லை’ என்று சொல்லும்போது, தாய்க்கு இன்னொரு பிள்ளையும் போகிற மாதிரிக் கேட்கும்.

அதனால் நான் கண்ட வழி, முதலில் ‘நான் எங்கையும் போகேல்லை’ என்பதைச் சொல்வது. வார்த்தையால் மட்டும் இல்லை. சொன்ன பிறகு வரும் கிழமைகளில் வழமைபோல வீட்டுக்கு வாருங்கள், மருந்து வாங்கிக் கொடுங்கள், கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா பார்ப்பார், பிள்ளை அதே பிள்ளைதான் என்று. இன்னொன்று, பேரப்பிள்ளை வரவே வராது என்று அவசரப்பட்டுச் சத்தியம் செய்யாதீர்கள். ஈரர்களுக்கு அது உண்மையாகவும் இருக்காது.

ஆனால் தாயின் துக்கத்தைக் காட்டி உங்களை ஆயுள் முழுக்கக் கட்டிப்போட ஒரு பெரியப்பா வருவார். ‘செத்துப்போனவனை நினைச்சாவது’ என்று தொடங்குவார். அவருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. அண்ணா உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது? சொன்னால் பொலிஸ் பிடிக்குமா?

‘நான் ஈரர்’ என்று சொல்வது குற்றமில்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் செயலைத்தான் குற்றமாக்குகின்றன, அடையாளத்தை இல்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டம். 1995இல் திருத்தியபோது ஆண்கள் என்று இருந்த இடத்தில் ஆள் என்று மாற்றினார்கள், அதோடு பெண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். சமத்துவம் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. 2023இல் இந்தப் பிரிவுகளை மாற்றத் தனிநபர் சட்டமூலம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று அந்த வருடம் மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிறைவேறாமலே நின்றுவிட்டது. பிரிவுகள் இன்னும் சட்டப் புத்தகத்தில் கிடக்கின்றன. இவற்றுக்குப் பயந்து ஒளிந்திருக்கத் தேவையில்லை, ஆனால் உங்களை மிரட்டுகிறவர் இவற்றைத்தான் கையில் எடுப்பார்.

ஒருவர் படங்களைக் காட்டி, வீட்டில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறார். அதற்கு முந்திக்கொண்டு நானே சொல்லட்டுமா?

காசு கொடுக்காதீர்கள். ஒரு தரம் கொடுத்தால் மாதாமாதம் சீட்டுக் கட்டுகிற மாதிரி ஆகிவிடும். செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வேறொரு இடத்தில் வையுங்கள். அன்றிரவே நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது குற்றம். பொலிசுக்குத் தனியாகப் போகத் தயக்கமென்றால் முதலில் ஒரு சட்டத்தரணியையோ, மனித உரிமைகள் ஆணைக்குழுவையோ (தொலைபேசி இலக்கம் 1996) கேளுங்கள். கொழும்பில் எங்களைப் போன்றவர்களுக்காக வேலை செய்யும் ஈக்குவல் கிரவுண்ட் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன.

முந்திச் சொல்வதா என்பது பழையபடி அந்த இரவுப் படுக்கைக் கேள்விதான். வீட்டில் ஆபத்து இல்லையென்றால், ஒரே ஒருவரிடமாவது, தங்கச்சியிடமோ சித்தியிடமோ, முந்திச் சொல்லி வையுங்கள். கதை வந்து சேரும்போது வீட்டுக்குள் உங்கள் பக்கம் ஒரு ஆள் இருப்பார். அடிப்பார்கள், பூட்டி வைப்பார்கள் என்றால் முதலில் வெளியேறுங்கள். 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பெற்றோருக்கும் சகோதரருக்கும் எதிராகவும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

வைத்தியரிடம் கொண்டுபோய் மாற்றலாம் என்கிறார்கள். பூசாரியிடம் நூல் கட்டவும் ஏற்பாடு.

நோயில்லை, ஆகவே மருந்தும் இல்லை. நூல் கட்டினால் கையில் நூல் இருக்கும். அம்மாவின் மன ஆறுதலுக்காக ஒரு நூலைக் கட்ட விடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நானும் மூன்று மாதம் கட்டியிருந்தேன். அடித்துப் பேயோட்டுவது, பட்டினி போடுவது, தூக்க மருந்து கொடுப்பது என்று போனால் அது வன்முறை, மேலே சொன்ன சட்டம் அதற்குத்தான். வைத்தியரிடம் போகத்தான் வேண்டுமென்றால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், ஒழுங்காகப் படித்த வைத்தியர் ‘பிள்ளைக்கு வருத்தம் இல்லை’ என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அந்தச் சொல்லுக்கு வீட்டில் என் சொல்லைவிட மதிப்பு உண்டு.

கடவுள் கோபிப்பாரா?

முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கச்சான் வாங்கி வைத்துவிட்டு நானும் இதைக் கேட்டிருக்கிறேன். கோபித்த மாதிரித் தெரியவில்லை. மடு மாதா கோவிலுக்குப் போகிறவர்களும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். சாமியைவிடச் சனத்துக்குத்தான் கோபம் அதிகம்.

ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தால் நான் பொய் வாழ்க்கை வாழ்கிறேனா?

இல்லை. சனத்துக்கு உங்கள் சம்பளமும் தெரியாது, முகாமில் நீங்கள் பட்டதும் தெரியாது. அதையெல்லாம் பொய் என்றா சொல்கிறோம்? எல்லோருக்கும் ஒரே நாளில் அறிவிக்க வேண்டும் என்பது படங்களில் வருவது. ஒருவருக்குச் சொல்லி, ஒரு வருடம் விட்டு இன்னொருவருக்குச் சொல்லி, சிலருக்குச் சொல்லாமலே விடலாம். புது வேலை, புது ஊர், புதுச் சிநேகிதம் என்று வரும்போதெல்லாம் திரும்பவும் முடிவெடுக்க வேண்டியிருக்கும், அது கொஞ்சம் அலுப்புத்தான். சொல்லாமல் இருப்பது உங்களைத் தின்கிறது என்றால் மட்டும் மேலே முதலில் கேட்ட கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

நீங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்களா, அக்கா?

தங்கச்சிக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், மாமிக்குப் பாதி தெரியும். அப்பாவுக்குச் சொல்லவில்லை. பயம் இல்லை, அவர் கை நீட்டாத மனிசன், நான் இப்போது என் சம்பளத்தில் இருக்கிறேன். அன்றிரவு படுக்க எனக்கு இடமும் உண்டு. நான் எழுதி வைத்த கணக்குப்படி பார்த்தால் எப்போதோ சொல்லியிருக்கலாம்.

ஆனால் 2009க்குப் பிறகு அப்பா வீட்டுக்குள் அண்ணாவின் பெயரைச் சொன்னதே இல்லை. படம் சுவரில் இருக்கிறது, விளக்கு வைக்கும்போது அப்பா வெளியே போய் மாட்டைப் பார்ப்பார். அவரும் நானும் கதைக்க வேண்டிய முதல் கதை அது. போன மாசியில், அரிவி வெட்டு முடிந்து சூடு அடித்த வயலில், “உன்ர கொண்ணன் இருந்தால் இந்தத் துண்டையும் சேர்த்து விதைச்சிருப்பான்” என்று ஒரு தரம் சொன்னார். அவ்வளவுதான், எழும்பிப் போய்விட்டார். நான் காத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணாவுக்குப் பின்னால்தான் என் கதை வரிசையில் நிற்கிறது.